இத்தாலியில் ஆசிரியர் வேலை: சம்பளத்தையும் செலவையும் எடை போடுவது எப்படி?

"அக்கா, மாசம் 1,300 யூரோ தர்றதா சொல்றாங்க. ஒத்துக்கலாமா?" பிரான்சில் வளர்ந்த என் சித்தப்பா மகள் போன ஆண்டு தொலைபேசியில் கேட்டாள். இத்தாலியில் ஒரு மொழிப் பள்ளி அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை தருவதாக எழுதியிருந்தது. நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டேன். பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்னாலா? வருடத்தில் எத்தனை மாதம்? என்ன ஒப்பந்தம்? எந்த ஊர்? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் அவளிடம் பதில் இருந்தது.

அந்த நாலில் ஊர்தான் பெரிய விஷயம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மிலானோ என்றால் செலவு, தெற்கே போனால் மலிவு என்று. வட இத்தாலியின் தூரினில் ஆறு வருடம் பாடம் எடுத்த பிறகு நான் சொல்வது வேறு. ஊரை விட ஒப்பந்தம்தான் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இருந்தால் விசா தேவையில்லை, நேரே சம்பளப் பேச்சுக்குப் போகலாம். பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது பெரிய வசதி. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் சாதாரண வேலை விசா அரசு அறிவிக்கும் ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டும். சின்ன மொழிப் பள்ளிகள் அந்த அலைச்சலுக்குப் பெரும்பாலும் தயாராக இருப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் தன் தாய்மொழியைக் கற்பிக்கும் விரிவுரையாளராகவோ பேராசிரியராகவோ போகிறவர்களுக்கு அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே தனி வழி உண்டு. மாணவர் அனுமதியில் இருப்பவர்கள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். என்னைப் போலக் குடும்ப அனுமதியில் வந்தவர்களுக்கு வேலை செய்யத் தடையே இல்லை.

விசாவில் வருபவர்கள் வசிப்பு அனுமதி அட்டைக்கான செலவை இப்போதே எழுதி வையுங்கள். நாட்டுக்குள் வந்த 8 வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தபால் கட்டணம் 30 யூரோ, முத்திரை வில்லை 16, அட்டைக்கு 30.46, அதோடு ஒரு வருடம் வரையிலான அனுமதிக்கு 40, இரண்டு வருடம் வரை 50. ஆக 116.46 அல்லது 126.46 யூரோ.

இரண்டாவது: என்ன ஒப்பந்தம்?

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். இத்தாலியில் சட்டப்படி நிர்ணயித்த தேசியக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. துறைவாரியாகத் தொழிற்சங்கங்கள் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் அடித்தளம். அந்தக் கூட்டு ஒப்பந்தத்துக்கு உள்ளே இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து, அதே வகுப்பறை, அதே கரும்பலகை, அதே 22 மணி நேரத்துக்கு வேறு வேறு வாழ்க்கை அமையும்.

உள்ளே இருப்பது என்றால் ஊழியர் ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்கானது 'தெம்போ தெதெர்மினாதோ', நிரந்தரமானது 'தெம்போ இந்தெதெர்மினாதோ'. இதில் சம்பளத்தோடு விடுமுறை, நோய் விடுப்பு, டிசம்பரில் 13-ஆம் மாதச் சம்பளமான 'த்ரெதிச்சேசிமா', வேலையை விடும்போது கையில் வரும் 'தி எஃபே எர்ரே' எனும் பணிக்கொடை எல்லாம் உண்டு. பணிக்கொடை ஒவ்வொரு வருடத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அரசுப் பள்ளிகளும் பன்னாட்டுப் பள்ளிகளும் பெரும்பாலும் இந்த வகை.

மொழிப் பள்ளிகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 'கோ கோ கோ' ஒப்பந்தம். ஊழியரும் இல்லை, சுயதொழிலும் இல்லை, நடுவில் நிற்கிற ஒன்று. எடுத்த பாடத்துக்கு மட்டும் பணம். கிறிஸ்துமஸ் இரண்டு வாரம், ஈஸ்டர் வாரம், காய்ச்சல் வந்த நாள் எதற்கும் பொதுவாகப் பணம் கிடையாது. ஓய்வூதியச் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு உங்களிடம் பிடிப்பார்கள், இரண்டு பங்கை நிறுவனம் கட்டும்.

மூன்றாவது 'பர்தீதா ஈவா', அதாவது சுயதொழில் வரி எண். மணிக்கு இரண்டு மூன்று யூரோ கூடுதலாகத் தருவதாகச் சொல்லி இதைத் திறக்கச் சொல்வார்கள். ஆண்டு வரவு 85,000 யூரோவுக்குள் இருந்தால் 'ஃபோர்ஃபெத்தாரியோ' என்ற எளிய வரி முறை கிடைக்கும். ஆசிரியர் வேலையில் வரவின் 78 விழுக்காட்டை மட்டுமே வருமானமாக எடுத்துக்கொண்டு, அதற்கு 15 விழுக்காடு வரி. புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், முதல் ஐந்து வருடம் 5 விழுக்காடுதான். இதைக் கேட்டதும் எல்லார் முகமும் மலரும். ஆனால் அதே 78 விழுக்காட்டின் மேல் ஓய்வூதியச் சந்தா சுமார் 26 விழுக்காடு. முழுவதும் நீங்களே கட்ட வேண்டும். கணக்கு எழுதும் கொம்மெர்சாலிஸ்தாவுக்கு வருடம் 400 முதல் 600 யூரோ.

இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. முதல் வருடம் யாரும் எதையும் பிடிக்க மாட்டார்கள், வந்த பணமெல்லாம் உங்கள் பணம் மாதிரியே தெரியும். அடுத்த ஜூனில் போன வருடத்துக்கான முழுத் தொகையும், நடப்பு வருடத்துக்கான முன்பணத்தின் முதல் தவணையும் சேர்ந்து வரும். நவம்பரில் இரண்டாம் தவணை. வேலை இல்லாத கோடையின் வாசலில் அந்த ஜூன் பில் வந்து நிற்கும். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி அந்த மாதம் ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்து வரி கட்டினாள். அதனால் வரும் ஒவ்வொரு 100 யூரோவிலும் 30-ஐ வேறு கணக்கில் போட்டுவிடுங்கள், தொடாதீர்கள்.

மூன்றாவது: லோர்தோவை நெட்டோவாக்குவது

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் லோர்தோ, பிடித்தத்துக்கு முந்தைய தொகை. கைக்கு வருவது நெட்டோ. ஊழியர் ஒப்பந்தத்தில் ஓய்வூதியத்துக்கு 9.19 விழுக்காடு போகும். வருமான வரி 28,000 யூரோ வரை 23 விழுக்காடு. அதிலிருந்து ஊழியருக்கான கழிவு உண்டு, மேலே பிராந்திய வரியும் நகர வரியும் கொஞ்சம் சேரும். இதையெல்லாம் பைசா சுத்தமாகப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வருடத்துக்கு 28,000 லோர்தோ என்றால் கைக்கு மாதம் சுமார் 1,700, அதுவும் 13 முறை. கோ கோ கோவில் சின்ன வருமானத்துக்கு 100-க்கு 80 கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயதொழிலில், 5 விழுக்காடு வரி என்றால், எல்லாம் போக 74, 75.

என் முதல் சம்பளச் சீட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. இங்கே அதை 'புஸ்தா பாகா' என்பார்கள். பள்ளி சொன்னது மணிக்கு 18 யூரோ, வாரம் 25 மணி நேரம் வரை. அந்த 'வரை' என்ற சொல் என் கண்ணில் படவேயில்லை. 18-ஐ 25-ஆல் பெருக்கி, நாலால் பெருக்கி, மாதம் 1,800 என்று சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். அக்டோபரில் வகுப்புகள் பாதிதான் நிரம்பின. மாதம் முழுக்க எடுத்தது 38 மணி நேரம். சீட்டில் மேலே 684, கீழே வலது மூலையில் கட்டத்துக்குள் 561. பென்சில் எழுத்தை அழிக்காமல் அதன் கீழேயே 561 என்று எழுதி வைத்தேன்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, அதிகபட்சம் எத்தனை மணி நேரம் என்பதில்லை. ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதித் தரும் குறைந்தபட்ச மணி நேரம் எவ்வளவு? மாணவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் பணம் உண்டா? 24 மணி நேரத்துக்குள் ரத்தானால் முழுப் பணம் தரும் பள்ளிகள் இருக்கின்றன. அப்படித் தருகிற பள்ளி மணிக்கு ஒரு யூரோ குறைவாகத் தந்தாலும் அதையே எடுங்கள்.

நான்காவது: ஒரு மணி நேரம் உண்மையில் எவ்வளவு நேரம்?

எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு டிராம் மாறி, ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எட்டரை முதல் பத்து வரை பாடம். மதியம் ஒரு வங்கியில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மணி நேரம். ஐந்து முதல் ஆறரை வரை குழந்தைகள். ஏழு முதல் எட்டரை வரை பெரியவர்கள். வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஒன்பதேகால். கூலி கிடைத்தது ஐந்தரை மணி நேரத்துக்கு, வெளியே இருந்தது பதினாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் வீட்டுக்குப் போய் வர முடியாது. நூலகத்தில் உட்கார்ந்து பாடம் தயாரிப்பேன், குளிரில் நின்றபடி ஒரு காபி. நின்று குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும், மேசையில் உட்கார்ந்தால் விலையே வேறு.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்த மாணவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மணிக்கு 22 தரும், வெளியே போய் எடுக்கும் வகுப்பு, மணிக்கு 18 தரும் பள்ளிக்குள் நடக்கும் வகுப்பை விட நஷ்டமாக முடியலாம். பயணப் படி தருவார்களா, வகுப்புகளை அடுத்தடுத்து வைப்பார்களா என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. மேல்நிலைப் பள்ளியில் வாரம் 18 மணி நேரம் பாடம், தொடக்கப் பள்ளியில் 22 மணி நேரமும் திட்டமிடலுக்கு 2 மணி நேரமும். கூட்டங்கள், மதிப்பெண் வேலை தனி. தற்காலிக ஆசிரியருக்கு, 'சுப்ளென்சா' என்பார்கள், கைக்கு மாதம் 1,400 முதல் 1,550 வரை. ஆனால் இதற்கு மாகாண வாரியான தரவரிசைப் பட்டியலில் இடம் பெற வேண்டும், இத்தாலிய மொழி நன்றாகத் தெரிய வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களில் நீண்டகால வசிப்பு அனுமதி பெற்றவர்கள், ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினர் போன்றோருக்கே கதவு திறக்கும். வந்ததும் கிடைக்கிற வேலையில்லை என்றாலும், இங்கேயே தங்குவதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே அதை நோக்கி நடக்கலாம்.

ஐந்தாவது: வாடகை

பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரு தனி அறைக்கு மிலானோவில் 600 முதல் 750, ரோமிலும் பொலோன்யாவிலும் 450 முதல் 600, தூரினிலும் நாப்போலியிலும் (நேப்பிள்ஸ்) 350 முதல் 450, தெற்கே பலெர்மோவில் 250 முதல் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலோன்யா சின்ன ஊர்தானே என்று நினைத்துப் போகாதீர்கள். பல்கலைக்கழக ஊர், செப்டம்பரில் மாணவர்களோடு போட்டி போட வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள வாடகைக்குக் கீழே 'ஸ்பேஸே' என்று ஒரு வரி இருக்கும். கட்டடப் பராமரிப்பு, மாடிப்படி விளக்கு, லிஃப்ட், சில கட்டடங்களில் பொது வெப்பமூட்டலும் அதில் அடங்கும். உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்து வேண்டாம். மிலானோ, தூரின், பொலோன்யா மாதிரி வடக்கு ஊர்களில் வெப்பமூட்டும் காலம் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. பலெர்மோவில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான். வடக்கே ஆறு மாதம் எரிவாயு எரியும் என்பதை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு ஜனவரி பில்லில் உடைந்துவிடும். குப்பை வரி யார் கட்டுவது என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தரகர் வழியாகப் போனால் பெரும்பாலும் இன்னொரு மாத வாடகையும் வரியும் சேரும். 30 நாளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை வரி அலுவலகத்தில் 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதியாமல் 50 யூரோ குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் போகவே போகாதீர்கள். பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் முகவரிப் பதிவு கடினம், அது இல்லாவிட்டால் மருத்துவ அட்டை, அனுமதிப் புதுப்பிப்பு எல்லாம் இழுபறி. ஊழியராக இருந்தால் அரசு மருத்துவச் சேவையில் பதிவு இலவசம். வேலை இல்லாமல் தானாகப் பதிய வேண்டி வந்தால் 2024 முதல் குறைந்தது வருடம் 2,000 யூரோ.

ஆறாவது: வாய்க்கும் வழிக்கும்

வீட்டில் சமைத்தால் ஒருவருக்கு மாதம் 200 முதல் 250 போதும். தூரினில் போர்த்தா பலாத்சோ என்ற திறந்தவெளிச் சந்தை இருக்கிறது. வார நாளில் மதியம் ஒரு மணி தாண்டிப் போனால், கடை கட்டும் அவசரத்தில் ஒரு யூரோவுக்கு ஒரு பெட்டி தக்காளி, பழுத்த கத்தரிக்காய் எல்லாம் கிடைக்கும். வெந்தயம், பருப்பு, பாசுமதிக்குப் பக்கத்திலேயே கடைகள். ரோமில் எஸ்குவிலீனோ சந்தை, பலெர்மோவில் பல்லாரோ. பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்குப் போனால் தமிழ்க் குரல் கேட்கும். ஆங்கில வகுப்புக்கான கூலி அங்கே குறைவு, ஆனால் அறை தேடவும் காய்ச்சலில் கஞ்சி கொடுக்கவும் ஆள் இருப்பதை நான் கணக்கில் சேர்ப்பேன்.

போக்குவரத்துக்கு மிலானோவில் மாதாந்திர அட்டை 39 யூரோ, 27 வயதுக்குக் கீழே என்றால் 22. ரோமில் 35. தொலைபேசிக்கு 10. பள்ளி சாப்பாட்டுக் கூப்பன் தந்தால் அது வரியில்லாப் பணம். ஒரு நாளைக்கு 7, 8 யூரோ என்றால் மாதம் சுமார் 150 ஆகும், சம்பளப் பேச்சில் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஏழாவது: எல்லாவற்றையும் 12-ஆல் வகுப்பது

சரி, இப்போது காகிதத்தை எடுங்கள். மொழிப் பள்ளி ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஜூன் நடு வரை. அதில் விடுமுறை போக 33 வாரம். தூரினில் மணிக்கு 20 யூரோ, வாரம் 22 மணி நேரம் என்றால் 14,520. ரத்தாகும் வகுப்புகளுக்கு 5 விழுக்காடு கழித்தால் சுமார் 13,800. கைக்கு 80 விழுக்காடு, 11,040. அதை ஒன்பதால் வகுக்காதீர்கள். நீங்கள் ஜூலையிலும் சாப்பிடுவீர்கள், ஆகஸ்டிலும் வாடகை கட்டுவீர்கள். 12-ஆல் வகுத்தால் மாதம் 920. செலவு: அறை 400, பில்கள் 70, போக்குவரத்து 40, சாப்பாடு 220, தொலைபேசி 10, மற்றவை 100. மொத்தம் 840. மிச்சம் 80.

அதே வகை வேலை மிலானோவில், மணிக்கு 22. இதே மாதிரிக் கழித்து வகுத்தால் மாதம் 1,010. அறை 700, பில்கள் 80, அட்டை 39, சாப்பாடு 250, தொலைபேசி 10, மற்றவை 150. மொத்தம் 1,229. மாதம் 200 யூரோவுக்கு மேல் கைக்காசு போகும். பலெர்மோவில் மணிக்கு 16, வாரம் 20 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 670. செலவு 640. மிச்சம் 30.

இப்போது மிலானோவிலேயே ஒரு பன்னாட்டுப் பள்ளி, ஊழியர் ஒப்பந்தம், 28,000 லோர்தோ. 1,700-ஐ 13-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 1,840. அதே 1,229 செலவு. மிச்சம் 600. நாட்டிலேயே விலை கூடிய ஊரில் இருந்துகொண்டு மலிவான ஊரில் இருப்பவரை விடப் பல மடங்கு சேர்க்க முடிகிறது. இதனால்தான் ஒப்பந்தத்தை முதலில் பார்க்கச் சொன்னேன்.

தங்கை அந்த 1,300 பற்றிப் பள்ளிக்கு எழுதிக் கேட்டாள். லோர்தோ, ஒன்பது மாதம், கோ கோ கோ, மிலானோ. கைக்கு 1,040, வருடத்துக்கு 9,360, மாதம் 780. "இதுல அறைக்குப் போக 80 யூரோதானேக்கா மிச்சம்," என்றாள் அவளே. ஒரு மாதம் கழித்து அதே ஊரில் ஒரு இருமொழி மழலையர் பள்ளியில் ஊழியர் ஒப்பந்தத்தோடு சேர்ந்தாள். குழந்தைகளோடு நாள் முழுக்க ஓடியாடும் வேலை, களைப்பு அதிகம். ஆனால் ஆகஸ்டிலும் சம்பளம் வருகிறது.

எட்டாவது: கையில் எவ்வளவோடு வருவது?

முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், அப்புறம் முதல் சம்பளம் வரும் வரை இரண்டு மாதச் செலவு. அக்டோபரில் எடுத்த பாடத்துக்குப் பணம் நவம்பர் நடுவில்தான் வரும், சுயதொழில் பில் என்றால் இன்னும் தாமதமாகலாம். தூரினுக்கு 3,000 யூரோ, மிலானோவுக்கு 4,500 இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக, ஜூன் மாதம்

வகுப்பு முடிந்ததும் கோடையை நிரப்ப வழிகள் உண்டு. ஆங்கிலக் கோடை முகாம்கள் தங்குமிடம், சாப்பாட்டோடு வாரம் 250 முதல் 300 யூரோ தரும். தனி வகுப்புக்கு மணிக்கு 15 முதல் 25. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊரே கடலுக்குப் போய்விடும், அப்போது ஒன்றும் கிடைக்காது.

ஊழியர் ஒப்பந்தம் ஜூனில் முடிந்தவர்கள் 'நாஸ்பி' எனும் வேலையில்லா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கடந்த நாலு வருடத்தில் 13 வாரச் சந்தா இருந்தால் போதும். கோ கோ கோ ஆட்களுக்கு 'திஸ் கோல்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. நான் முதல் வருடம் இது தெரியாமல் விட்டுவிட்டேன். இரண்டுக்கும் கெடு, வேலை முடிந்து 68 நாள். ஆனால் முதல் 8 நாளுக்குள் போட்டுவிட்டால் எட்டாம் நாளிலிருந்தே பணம் கணக்காகும். அதனால் கடைசி வகுப்புக்கு மறுநாள் காலையிலேயே 'பத்ரோனாத்தோ' எனும் தொழிலாளர் உதவி அலுவலகத்துக்கு ஒப்பந்தம், அடையாள அட்டை, வரி எண், வங்கிக் கணக்கு எண் நாலையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நில்லுங்கள். ஜூன் முடிவில் அங்கே எல்லா ஆசிரியர்களும் வருவார்கள், எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது.